வடசென்னைக்குக் காடு உண்டா?

8 டிசம்பர் 2024, காலை

அக்காள் மகளுக்குப் பள்ளியில் ஒரு கட்டுரை வேலை கொடுத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு. "நம் பகுதியில் உள்ள பாதுகாக்கப்பட்ட காடு, அதன் விலங்குகள், அதைப் பார்க்க வருகிறவர்கள்" என்று தலைப்பு. பத்துப் பக்கம், படங்களுடன். வீடு தண்டையார்பேட்டை. "மாமா, நம் பகுதியில் காடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் பக்கம் மரமெல்லாம் பெயரில்தான் இருக்கிறது. புளியந்தோப்பில் தோப்பு இல்லை. வேப்பேரியில் வேம்பு ஒன்றிரண்டு தேறும், ஏரி இல்லை. எருக்கஞ்சேரியில் மட்டும் தண்டவாள ஓரத்தில் எருக்கு இன்னும் பூத்துக்கொண்டிருக்கிறது, அதை வெட்டிப் பிழைக்க யாருக்கும் வழி தெரியாததால்.

கேள்வி இதுதான். சென்ட்ரலுக்கு வடக்கே காடு என்று சொல்லத்தக்க ஒன்று உண்டா? இல்லை என்பது என் கட்சி. கிண்டியை எழுதி முடித்துவிடு என்று அவளிடம் சொல்லிவிட்டேன். மறுப்பவர்கள் இடத்தின் பெயரோடு மறுக்கவும்.

8 டிசம்பர், இரவு

மூன்று பேர் திட்டியிருக்கிறார்கள், ஒருவரும் இடம் சொல்லவில்லை. ராயபுரத்துப் பெரியவர் ஒருவர் உயிர்க் காலேஜை நினைவுபடுத்துகிறார். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: எழும்பூர் அருங்காட்சியகம் செத்த காலேஜ், மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த மிருகக்காட்சிசாலை உயிர்க் காலேஜ். ஊரிலிருந்து வந்த உறவினர்களுக்கு ஒரே நாளில் இரண்டையும் காட்டி அனுப்புவது வழக்கம். 1985ல் வண்டலூர் திறந்த பிறகு உயிர் அங்கே போய்விட்டது, செத்தது மட்டும் இங்கே தங்கிவிட்டது. எனக்கு அங்கே பார்த்த ஒரு கரடி நினைவிருக்கிறது. கூண்டின் வாடை அதைவிட நன்றாக நினைவிருக்கிறது. அதைக் காடு என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது, பெரியவரே.

10 டிசம்பர்

கிண்டியைப் பற்றிக் கேட்டவருக்கு. ஆளுநர் மாளிகையை ஒட்டிய காடு, 1978ல் தேசியப் பூங்கா ஆனது. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. புள்ளிமான், வெளிமான், நரி உண்டு. சிறுவனாக இருந்தபோது அப்பா பீச் ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயிலில் அழைத்துப் போவார். நாங்கள் பார்த்ததெல்லாம் சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும்தான். உள்காடு அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ அசைந்தது, அப்பா மான் என்றார், மான்தான் என்று நம்பினேன். நாயாகக்கூட இருந்திருக்கலாம்.

வேலி போட்டு நம்மை உள்ளே விடாதிருப்பதால்தான் நகரத்தின் நடுவில் அந்த மான்கள் பிழைத்திருக்கின்றன என்பது வேறு விஷயம். சிறுவனுக்கு அதெல்லாம் தெரியாது. இரண்டு பஸ், ஒரு ரயில் மாறிப் போய் வேலியைப் பார்த்துவிட்டு வந்த கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

11 டிசம்பர்

மீஞ்சூர்க்காரர் ஒருவர் ஒரே வரி எழுதியிருக்கிறார்: "பொன்னேரிக்கு ரயிலில் போகிறேன் என்று முன்பு ஓர் இழையில் எழுதியிருந்தீர்கள். எந்தப் பக்கம் உட்காருவீர்கள்?"

பத்தொன்பது வருடமாக மேற்குப் பக்கம். காலையில் வடக்கே போகும்போது கிழக்கு ஜன்னலில் வெயில் முகத்தில் அடிக்கும். மாலையில் திரும்பும்போது இருட்டிவிடும், தூங்கிவிடுவேன். இதற்கும் காட்டுக்கும் என்ன தொடர்பு?

13 டிசம்பர்

தொடர்பு இருக்கிறது. இன்று காலை கிழக்குப் பக்கக் கதவருகே நின்றுகொண்டு போனேன்.

திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர். அதுவரை சுவர், கொள்கலன் லாரி, சுவர். எண்ணூரை விட்டு வண்டி அத்திப்பட்டுப் புதுநகர் நோக்கி நகர்ந்ததும் பாலம் தடதடக்கிறது. கீழே தண்ணீர். அதுவரை எனக்கும் தெரிந்ததுதான். அந்தச் சத்தம் கேட்டதும் பையை மடியில் எடுத்துவைத்துக்கொள்வது என் வழக்கம். பார்க்காதது தண்ணீரின் ஓரம். கரும்பச்சையாக, தாழ்வாக, ஒரே உயரத்தில் வெட்டிவிட்டதுபோல ஒரு வரிசை. அதற்குள் வெள்ளையாகப் புள்ளி வைத்ததுபோலக் கொக்குகள். ஒரு கூழைக்கடா, மிதக்கும் மூட்டை மாதிரி. அரை நிமிடத்துக்கும் குறைவு. பிறகு மின்கோபுரங்கள் வந்துவிட்டன.

வருடத்துக்கு முந்நூறு நாள் என்று வைத்தால் பத்தொன்பது வருடத்தில் 5700 முறை காலையில் அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறேன். கணக்கு எழுதிப் பிழைப்பவன், இந்தக் கணக்கைப் போட்டிருக்கக் கூடாது.

மீஞ்சூர்க்காரர் வென்றார் என்று சொல்லவில்லை. இடுப்பளவு புதரைக் காடு என்று ஒப்புக்கொள்ள இன்னும் மனம் வரவில்லை.

14 டிசம்பர்

இடுப்பளவு இல்லையாம், ஆளுயரத்துக்கு மேலாம். ரயில் பாலத்திலிருந்து பார்த்தால் எல்லாம் குட்டையாகத்தான் தெரியும் என்கிறார் மீஞ்சூர்க்காரர். காலடிப்பேட்டையில் எங்களுக்கு மீன் கொடுக்கும் அம்மாவிடம் கேட்டேன், "எண்ணூர்க் கழியில் அலையாத்திக் காடு இருக்கிறதாமே?" "அது என்ன ஆத்தி? கண்டல் என்று சொல்லு தம்பி" என்றார். அவர் பிறந்தது காட்டுக்குப்பம். ஊர்ப் பெயரைச் சொன்னதும் எனக்குத்தான் உறைத்தது. கழியோரம் இருக்கும் குப்பத்துக்குக் காட்டுக்குப்பம் என்று பெயர். அதற்குப் பக்கத்தில் தாழங்குப்பம், தாழை மரத்துக் குப்பம். கழிக்கு வடக்கே காட்டுப்பள்ளி. முதல் நாள் பெயர்களை வைத்துக் கேலி செய்தேனே, அந்தப் பட்டியலில் இவற்றைச் சேர்க்கத் தோன்றவில்லை. தெரிந்த ஊர்கள்தான்.

15 டிசம்பர்

ஞாயிற்றுக்கிழமை. போய்விட்டு வந்தேன். நீளமாக எழுதப்போகிறேன், பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகவும்.

மீன்கார அம்மாவின் தம்பி கரையில் காத்திருந்தார். சிறிய படகு, துடுப்புத்தான். தண்ணீர் வற்று நேரம். கரையிலிருந்து பார்த்தால் சேறு. சேற்றுக்குள்ளிருந்து பென்சில்களை நட்டு வைத்ததுபோல ஆயிரக்கணக்கில் ஏதோ நிமிர்ந்து நிற்கின்றன. மூச்சுவேர். சேற்றில் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. பள்ளியில் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதியும் இருக்கிறேன். மிதித்தால் செருப்பைத் தாண்டிக் குத்தும் என்பதைப் பாடத்தில் சொல்லவில்லை.

இங்கே பெரும்பாலும் வெண்கண்டல். இலையின் மேற்பக்கம் பளபளவென்று பச்சை, அடிப்பக்கம் சாம்பல் பூசியதுபோல. "நாக்கில் வைத்துப் பாருங்கள்" என்றார் தம்பி. வைத்தேன். உப்பு. கடல்நீர் தெறித்த உப்பு இல்லை. மரம் தான் குடித்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பொடிப்பொடியாக மின்னுகிறது.

உள்ளே வாய்க்கால் மாதிரி ஒரு வழி. இரண்டு பக்கமும் கிளைகள் மேலே கவிந்துவிட்டன. வெளியே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, துறைமுகத்துக் கிரேன், லாரிச் சத்தம். உள்ளே நுழைந்து இருபது துடுப்புப் போட்டதும் சத்தம் அடங்குகிறது. நண்டு வளைக்குள் ஓடும் சத்தம்கூடக் கேட்டது. மீன்கொத்தி ஒன்று எங்களுக்கு முன்னால் கிளை மாறி மாறி வழிகாட்டிக்கொண்டே போனது. தலைக்கு மேலே செம்பருந்து. காடு என்றால் சத்தம் மாற வேண்டும் என்று எங்கேயோ மனத்தில் ஓர் அளவுகோல் வைத்திருந்திருக்கிறேன் போலிருக்கிறது. அந்த இடத்தில் ஒப்புக்கொண்டேன். இது காடு.

ஒரு திருப்பத்தில் நான்கைந்து பேர் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். முதலில் குளிக்கிறார்கள் என்று நினைத்தேன். இருளர்கள். கையால் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி. அதைப் பல்லில் கவ்விக்கொண்டிருந்தார்கள், இரண்டு கையும் தண்ணீருக்குள் வேண்டும் என்பதால். வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. வாயில் பறி இருந்ததால் எங்களுக்கு யாரும் பதில் வணக்கம் சொல்லவில்லை, கண்ணால் சிரித்தார்கள்.

இனி கெட்டது. சில மரங்களின் அடியில், தண்ணீர் ஏறி இறங்கும் உயரத்தில், கறுப்பாக ஒரு வளையம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய். அப்போது கூழைக்கடாக்கள் தார் பூசியதுபோல நின்ற படங்களை எல்லோரும் பார்த்தோம், இரண்டு நாள் வருத்தப்பட்டோம். குப்பத்துக்காரர்கள் வாளியால் எண்ணெயை மொண்டு எடுத்ததையும் பார்த்தோம். ஒரு வருடம் ஆகிவிட்டது, வளையம் போகவில்லை. விரலால் தொட்டால் ஒட்டவில்லை. நகத்தால் கீறினால் உள்ளே இன்னும் வாடை. சேற்றின் நிறமும் சில இடங்களில் சேற்று நிறம் இல்லை, சிமென்ட் நிறம். மின்நிலையச் சாம்பல். தம்பி துடுப்பை நேராக நிறுத்திக் காட்டினார். பாதித் துடுப்புத்தான் தண்ணீர். அப்பா காலத்தில் இதே இடத்தில் முங்கு நீச்சல் அடித்தோம் என்றார்.

"காடு" என்றோ "பாதுகாப்பு" என்றோ ஒரு பலகையும் என் கண்ணில் படவில்லை. கழியின் தென்கரை மாநகராட்சி, வடகரை திருவள்ளூர் மாவட்டம். கண்டல் எந்தக் கரையில் வரி கட்டுகிறதோ.

16 டிசம்பர்

அக்காள் மகளிடம் சொன்னேன். "பாதுகாக்கப்பட்ட காடு என்று தலைப்பு இருக்கிறது மாமா, இது பாதுகாக்கப்படவில்லையே" என்கிறாள். வழக்கறிஞர் ஆவாள்.

ஆனால் வடக்கே போனால் பாதுகாக்கப்பட்டதும் இருக்கிறது. பக்கிங்காம் கால்வாய் எண்ணூர்க் கழியையும் பழவேற்காட்டு ஏரியையும் இணைக்கிறது. பழவேற்காடு, பெயரைக் கவனியுங்கள்: பழைய வேர்க்காடு. வேர் வெளியே தெரியும் காடு, அதாவது கண்டல் காடு! ஊர்ப் பெயரிலேயே மூச்சுவேர். நானே கண்டுபிடித்தேன்.

17 டிசம்பர்

நான் கண்டுபிடித்தது தப்பாம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சிவப்பு மையோடு வந்துவிட்டார். வேர் + காடு என்றால் வேர்க்காடு, இடையின ர் மாறாது, க் மிகும். வேல் + காடுதான் வேற்காடு, கல் + கண்டு கற்கண்டு ஆவதுபோல. எனவே பழைய வேல மரக் காடு. திருவேற்காட்டுக் கோயிலுக்கும் வெள்வேல மரம்தான் தலமரம் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். ரகரத்தையும் றகரத்தையும் ஒரே மாதிரி உச்சரிக்கும் ஊரில் பிறந்ததன் பலன்.

ஆனால் ஆறுதலாக அவரே ஒரு சொல்லும் கொடுத்திருக்கிறார். சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்துக் கடற்கரைச் சோலைக்குக் கானல் என்று பெயராம். புன்னை, தாழை, கண்டல் எல்லாம் அந்தக் கானலில் நிற்கும். நமக்குக் கானல் என்றால் கானல் நீர் மட்டும்தான் தெரியும். கடற்கரையில் காடு நிற்கும் என்பதற்குத் தனிச்சொல்லே வைத்திருந்த மொழியில் எட்டாம் தேதி நான் என்ன கேள்வி கேட்டேன் பாருங்கள்.

18 டிசம்பர்

பழவேற்காடு வடசென்னையா என்று மாதவரத்துக்காரர் கேட்கிறார். இல்லை. திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். ஆனால் கும்மிடிப்பூண்டி வண்டியில் போய்வருகிற எங்களுக்கு அது பக்கத்து வீடு. தியாகராய நகர்தான் வெளியூர்.

தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில். தமிழ்நாட்டுப் பகுதி 1980ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 153.67 சதுர கிலோமீட்டர். கிண்டியைப்போல ஏறத்தாழ 57 மடங்கு. ஆரணியாறும் காளங்கியும் நல்ல தண்ணீர் கொண்டுவருகின்றன, முகத்துவாரம் வழியாகக் கடல் உப்பு கொண்டுவருகிறது. மழைக்காலத்தில் ஒரு ருசி, கோடையில் ஒரு ருசி. குளிர்காலத்தில் பூநாரை, ஊசிவால் வாத்து, உள்ளான் வகைகள்.

நான் 2009ல் போயிருக்கிறேன். ஆயிரக்கணக்கான பூநாரைகள் ஒரே நேரத்தில் எழும்பி வானம் இளஞ்சிவப்பானதை என் கண்ணால் பார்த்தவன். படம்கூட எடுத்தேன், சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அதைப் பார்க்காதவர்கள் பழவேற்காட்டைப் பற்றிப் பேசவேண்டாம்.

19 டிசம்பர்

மீஞ்சூர்க்காரர் மீண்டும் ஒரே வரி: "அவை ஏன் எழும்பின?"

பிறகு எழுதுகிறேன். அலுவலகத்தில் வேலை.

4 ஜனவரி 2025

ஆண்டுக் கடைசிக் கணக்கு வேலை. பத்தொன்பதாம் தேதிக் கேள்வியை மறக்கவில்லை.

இடையில் ஒரு சில்லறை. கிழக்குப் பக்கம் உட்காரத் தொடங்கியதில் என் இடது கன்னத்தைவிட வலது கன்னம் கறுத்துவிட்டதாக வீட்டில் சொல்கிறார்கள். காட்டு ஆராய்ச்சியின் முதல் முடிவு.

19 ஜனவரி

இந்த மாதம் சென்னைக் கடற்கரை முழுக்கப் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கிக்கொண்டிருக்கின்றன. முட்டையிட வருகிற வழியில். ஆமைக்கு நுரையீரல்; வலையில் மாட்டி நீருக்கடியில் இருந்துவிட்டால் மூச்சு முட்டிச் சாகும். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் காசிமேட்டில் தொழில். டீக்கடையில் இதைப் பேச ஆரம்பித்ததும் "உனக்கு வஞ்சிரம் வேண்டும், ஆமையும் வேண்டும்" என்றார் ஒருவர். எனக்குப் பதில் வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

26 ஜனவரி

குடியரசு நாள், ஞாயிறு. அக்காள், அவள் மகள், நான். பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ்.

முதலில் டச்சுக் கல்லறை, ஏனென்றால் அது வழியில் வருகிறது. வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். அக்காள் உள்ளே வரமாட்டேன் என்று வெளியே நின்றுகொண்டாள், மகள் எலும்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள். டச்சுக்காரர்கள் 1613ல் கட்டிய கெல்திரியா கோட்டை இருந்த இடத்தில் இப்போது முள்ளும் செடியும் மண்டிக் கிடக்கிறது. "பாதுகாக்கப்பட்ட காடு இதுதானா மாமா?" என்றாள். கோட்டையைக் காடு பாதுகாக்கிறது என்று எழுது என்றேன்.

ஏரிக்கரை. விடுமுறை என்பதால் கார்கள். ஒரு காரின் கதவுகளைத் திறந்துவைத்துப் பாட்டு. தண்ணீர் ஓரமாக பிரியாணிப் பொட்டலத்தின் வெள்ளித் தாள்கள், காற்றடித்தால் பறவை மாதிரியே பளபளக்கின்றன. அவள் இரண்டு முறை ஏமாந்தாள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அக்காளுக்கு அது நினைவிருந்தது. படகு என்ற சொல்லையே எடுக்கக் கூடாது என்று ரயிலிலேயே சொல்லிவிட்டாள். எனக்கும் அதுவே வசதியாக இருந்தது, காரணம் வேறு.

கரையிலிருந்து பார்த்தால் பூநாரைகள் ஒரு கோடு. வெளுத்த துணியைத் தொலைவில் உலர்த்தியதுபோல. "இவ்வளவுதானா?" என்றாள். கல்லூரி மாணவர்கள் சிலர் தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தியிருந்தார்கள், கேட்டதும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவள் கண்ணை எடுக்கவில்லை. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றுநீரை வடிகட்டித் தின்கின்றன. தின்னும் இரையிலிருக்கும் நிறமிதான் சிறகில் இளஞ்சிவப்பு. குஞ்சுகள் சாம்பல் நிறம். ஒரு மாணவி இதைச் சொன்னதும், "அப்படியென்றால் எண்ணூரில் இருந்தால் என்ன நிறம் வரும்?" என்று கேட்டாள். மாணவி சிரிக்கவில்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. பூநாரைக் கூட்டத்துக்குக் கொஞ்ச தூரத்திலேயே இரண்டு மீனவர்கள் முழங்கால் நீரில் வலையோடு நடந்துகொண்டிருந்தார்கள். கூட்டம் அசையவில்லை. சற்று நேரம் கழித்து யாரோ கரையிலிருந்து ஒரு பறக்கும் கேமராவை அனுப்பினார்கள். அது மீனவர்களைவிட உயரத்தில், தள்ளித்தான் இருந்தது. கூட்டம் முழுக்கத் தலையைத் தூக்கியது. அந்தக் கோடு ஒரு ஓரத்திலிருந்து மடங்கி நகர ஆரம்பித்தது. மாணவர்களில் ஒருவன் ஓடிப்போய் அவர்களிடம் பேசினான். கேமராவை இறக்கினார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. நான் ஓடவில்லை. எனக்கு அதற்கு யோக்கியதை இல்லை என்பது தெரியும்.

மதியம் சாப்பிட்ட இடத்தில் மடவை வறுவல். கடைக்காரரின் அண்ணன் பாடு முறையைப் பற்றிச் சொன்னார்: ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்பதை ஊர்கள் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்களாம், தலைமுறை தலைமுறையாக. முறை இல்லாத நாளில் மீன் கொட்டிக் கிடந்தாலும் அங்கே போகக் கூடாது. சரணாலய அறிவிப்பு வந்தது 1980ல். பாடு அதற்கு எவ்வளவோ முந்தியது. அவள் எழுதிக்கொண்டாள்.

29 ஜனவரி

காலை 6.23. மொட்டை மாடியில் தெருவே நின்றது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய 100வது ராக்கெட். விடியாத வானத்தில் ஆரஞ்சுக் கோடு ஒன்று, கொஞ்ச நேரம் கழித்து மெல்லிய உறுமல். எல்லோரும் கை தட்டினோம்.

பழவேற்காட்டு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் தீவு அதுதான். ராக்கெட் தளம் என்பதால் கண்டவர்கள் நுழைய முடியாது, அதனால் அங்கே நல்ல காடு தப்பித்திருக்கிறது. கிண்டியில் ஆளுநர், இங்கே ராக்கெட். நம் ஊரில் காடு பிழைக்க ஒரு பெரிய மனிதர் பக்கத்தில் குடியிருக்க வேண்டும் போலிருக்கிறது. எண்ணூருக்கு அப்படி யாரும் குடிவரவில்லை.

(இந்தச் சத்தத்துக்குப் பூநாரை எழும்பாதா என்று கேட்காதீர்கள். பழவேற்காட்டில் பார்த்த மாணவியிடம் அக்காள் மகளே கேட்டு வைத்திருக்கிறாள்.)

2 பிப்ரவரி

பத்தொன்பதாம் தேதிக் கேள்விக்குப் பதில்.

2009ல் நான்கு பேர் போயிருந்தோம். இயந்திரப் படகு. ஓட்டியவர் வயதானவர். ஓர் இடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "இதற்கு மேல் போனால் எழும்பிவிடும் தம்பி" என்றார். எழும்பட்டும் என்றுதானே வந்திருக்கிறோம் என்றேன் நான். நூறு ரூபாய் கூடத் தருகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், நண்பர்களைப் பார்த்தார், இயந்திரத்தைத் தட்டினார். நெருங்கியும் அவை எழும்பவில்லை. தலையைத் தூக்கி நடக்கத்தான் செய்தன. எனக்குப் பொறுமை இல்லை. படகின் விளிம்பில் தட்டினேன், கை தட்டினேன், கத்தினேன். அப்போதுதான் எழும்பின. வானம் இளஞ்சிவப்பானது. அந்தப் படம்தான் கூடத்தில் தொங்குகிறது.

பதினைந்து வருடமாக வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பாராட்டியிருக்கிறார்கள். போன வாரம் அக்காள் மகள் அதன்முன் நின்று, "மாமா, இதில் ஒன்றுகூட முகத்தைக் காட்டவில்லையே, எல்லாம் முதுகுதானே தெரிகிறது" என்றாள். எண்ணிப் பார்த்தேன். உண்மை.

அந்தப் பெரியவர் திரும்பும்போது பேசவில்லை. நூறு ரூபாயை வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்லி யாரும் எழுத வேண்டாம், கேட்டவன் நான்.

3 பிப்ரவரி

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. "அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்" என்ற ஆறுதல் மட்டும் வேண்டாம். பறவை பார்க்கத் தெரிந்தவர்கள் 2009லும் இருந்தார்கள், படகோட்டியே ஒருவர்.

படத்தைக் கழற்றினீர்களா என்று கேட்டவருக்கு: இல்லை. கழற்றினால் சுவரில் வெள்ளைச் சதுரம் தெரியும், வீட்டில் வண்ணம் அடிக்கச் சொல்வார்கள்.

16 பிப்ரவரி

கட்டுரையை ஒப்படைத்துவிட்டாள். பதினான்கு பக்கம். தலைப்பு "பாதி பாதுகாக்கப்பட்ட காடு". எண்ணூர் ஆறு பக்கம், பழவேற்காடு ஏழு பக்கம், கிண்டிக்கு ஒரு பக்கம். வருகிறவர்கள் என்ற பகுதியில் பிரியாணித் தாள், பறக்கும் கேமரா, "என் மாமா" என்று வரிசை. மாமாவை நீக்கச் சொல்லிக் கேட்டேன், மறுத்துவிட்டாள். ஆசிரியை இருபதுக்குப் பதினேழு போட்டு, பக்க வரம்பை மீறியதற்கு மூன்று குறைத்திருக்கிறார்.

8 மார்ச்

எப்போது போகலாம் என்று இன்னும் கேட்கிறார்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. இப்போது கூட்டம் கலையத் தொடங்கியிருக்கும், வெயிலும் ஏறிவிட்டது. அதிகாலையில் போங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், குப்பியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கரையில் நின்று பாருங்கள். தொலைநோக்கி இல்லாவிட்டால் இருப்பவரிடம் கேளுங்கள், கொடுப்பார்கள்.

எண்ணூருக்கு யாரையும் அழைத்துப் போக முடியுமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். மீன்கார அம்மாவிடம் கேட்டேன். "நாலு பேர் வந்து பார்த்தால் நல்லதுதான், நாற்பது பேர் வந்தால் யார் கூட்டிப் பெருக்குவது?" என்றார். இப்போதைக்கு நாலு பேர்.

9 மார்ச்

மீஞ்சூர்க்காரர். வழக்கம்போல ஒரே வரி. பாலம் ஏறுவதற்கு முன்னால் வலப்பக்கம் நான் தினமும் கண்டல் என்று பார்த்துக்கொண்டு போகும் முதல் வரிசை கண்டலே இல்லையாம், சீமைக் கருவேலமாம். தண்ணீரைத் தொட்டு நிற்பதுதான் கண்டல், அது அடுத்த வரிசை என்கிறார்.

மூன்று மாத வெயில். நாளை காலை வண்டியில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.